வீட்டு வளவில் செரி மரம்: முதல் மூன்று வருடப் பராமரிப்பு (ரொறன்ரோவும் சுற்றுவட்டமும்)

பின்வளவு, ஸ்காபரோ

வணக்கம் உறவுகளே. லாப்பின்ஸ் இனிப்புச் செரிக்கன்று ஒன்று ஓடர் பண்ணியிருக்கிறேன், ஏப்ரல் கடைசியில் வரும். ஜிசெலா 5 ஒட்டுக்கட்டை (லாப்பின்ஸை ஒட்டியிருக்கும் வேர்ப்பகுதி, மரத்தைக் குட்டையாக வைத்திருக்கும்), சாடி இல்லாத வெறும் வேர்க்கன்று, நாலடித் தனித்தண்டு, கிளை ஒன்றும் இல்லை. நடுவதற்கு முன் சில விசயம் தெளிவாக வேண்டும்.

பின்வளவில் நாள் முழுக்க வெயில் படும் இடம், இத்தனை வருடமும் கத்தரியும் மிளகாயும் போட்ட பாத்திதான். அதில் நடலாமா? ஒற்றை மரம் காய்க்குமா? கிடங்குக்குள் மாட்டெரு போடலாமா? நட்டவுடன் நுனியை வெட்டு என்று சிலர், கத்தியே படக்கூடாது என்று சிலர். எது சரி? மண் நல்ல களி, மழை பெய்தால் சப்பாத்தில் ஒட்டும்.

செம்பாட்டான், மார்க்கம்

தம்பி, முதல் கேள்விக்குப் பதில் கிடைத்த பிறகுதான் மற்றதெல்லாம். கத்தரிப் பாத்தியில் செரி வேண்டாம். கத்தரி, மிளகாய், தக்காளி, உருளைக்கிழங்கு நான்கும் வேர்ட்டிசீலியம் என்ற வாடல் பூஞ்சணத்தை மண்ணில் பெருக்கிவிடும். பயிரைப் பிடுங்கின பிறகும் அது வருடக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கும். செரி அதற்கு எளிதில் மாட்டும். யூலை வெக்கையில் மரத்தின் ஒரு பக்கக் கிளை மட்டும் திடீரென்று தொங்கும், ஈரம் இருந்தும் இலை நிமிராது. அந்தக் கிளையைச் சரிவாக வெட்டிப் பார்த்தால் உள்ளே மண்ணிறக் கோடுகள் ஓடியிருக்கும். மருந்து கிடையாது. எங்கள் ஆட்கள் வீடுகளில் செரி, பிளம் பட்டுப்போவதற்கு இது பெரிய காரணம் என்பது என் எண்ணம், ஏனென்றால் வெயில் உள்ள இடமெல்லாம் கத்தரியும் மிளகாயும் பிடித்துவிடும்.

பாத்தியை விட்டுக் குறைந்தது 3 மீற்றர் தள்ளிப் புல்தரையில் இடம் பாருங்கள். ஆறு முதல் எட்டு மணித்தியால வெயில் போதும், நாள் முழுக்க வேண்டியதில்லை. முன்பு பிளம், பீச், செரி நின்று செத்த இடமும் ஆகாது.

பிறகு வடிகால் சோதனை. இரண்டடி அகலம், ஓரடி ஆழத்தில் கிடங்கு வெட்டி நிறையத் தண்ணீர் விடுங்கள். அது வற்றினதும் மறுபடி நிரப்பி, ஒரு தடியில் மட்டத்தை அடையாளம் வைத்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று அளவுங்கள். மணிக்கு 2.5 செ.மீ.க்குக் குறைவாக இறங்கினால் அங்கே நேரே நடக்கூடாது. செரி வேர் தண்ணீருக்குள் மூச்சுமுட்டிச் சாகும். ஏப்ரலில் ஸ்நோ உருகின தண்ணீர் நாலைந்து நாள் நின்றால், யூன் மாதத்தில் இலை மஞ்சளாகி மரம் வாடும். அப்போது பலர் தண்ணீர் காணாது என்று இன்னும் தண்ணீர் விடுகிறார்கள். அதோடு கதை முடிந்தது.

களிமண்ணுக்கு வழி மேடுதான். ஒன்றரை மீற்றர் அகலம், 30 செ.மீ. உயரத்தில் மேடு போட்டு அதன் மேல் நடுங்கள். மேட்டுக்கு அங்கத்தைய மேல்மண்ணையே மூன்று பங்கும் கூட்டெரு ஒரு பங்கும் கலந்து போடலாம். களிக்குள் மணல் கொட்டாதீர்கள், கலவை சீமெந்து மாதிரி இறுகிவிடும்.

தேன்கூடு, மிசிசாகா

காய்ப்புக் கேள்விக்கு நான் சொல்கிறேன். லாப்பின்ஸ் தன் மகரந்தத்தாலேயே காய்க்கும், ஒற்றை மரம் போதும். பிரிட்டிஷ் கொலம்பியாவின் சமர்லாந்து ஆராய்ச்சி நிலையத்தில் உருவான வகை அது. அதே நிலையம் 1968இல் வெளியிட்ட ஸ்ரெல்லாவும் தனியாகக் காய்க்கும். அதற்கு முந்தைய இனிப்புச் செரி வகைகள் ஏறக்குறைய எல்லாவற்றுக்கும் துணை மரம் வேண்டும், அதுவும் பொருந்துகிற துணை. பிங், லம்பேர்ட், நெப்போலியன் மூன்றையும் ஒரே வளவில் நட்டாலும் ஒன்றுக்கொன்று உதவாது, மூன்றும் ஒரே மகரந்தக் குழு. பிங் வைத்திருப்பவர்கள் பக்கத்தில் ஸ்ரெல்லா ஒன்றை வைத்தால் பிரச்சினை தீரும். புளிப்புச் செரியான மொன்மொரென்சி தன்னளவில் காய்க்கும், ஆனால் இனிப்புச் செரிக்குத் துணையாக நம்ப முடியாது. அது பூக்கிற நேரம் பிந்தி வரும்.

பூவுக்கு எதிரி குளிர். பூ முழுதாக விரிந்த நேரத்தில் வெப்பநிலை -2.2 பாகைக்கு இறங்கினால் பத்தில் ஒரு பூ சாகும், -3.9 வந்தால் பத்தில் ஒன்பது. ஜிசெலாவில் ஒட்டின மரம் குட்டை என்பதால், எச்சரிக்கை வந்த இரவில் பழைய பெட்ஷீற் போட்டு நிலம் வரை மூடலாம். நிலத்துச் சூடு உள்ளே நிற்கும். விடிந்ததும் எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேனீ உள்ளே போகாது.

செம்பாட்டான், மார்க்கம்

நடுகை. கன்று வந்த அன்றே பெட்டியைத் திறந்து வேரைப் பாருங்கள். காய்ந்திருந்தால் ஒரு வாளித் தண்ணீரில் இரண்டு மணித்தியாலம் ஊற வையுங்கள். இரண்டு மூன்று நாளுக்கு வாளியிலேயே விடக்கூடாது. அன்றே நட முடியாவிட்டால் ஈரமான மரத்தூளால் வேரைச் சுற்றி கராஜின் குளிர்ந்த மூலையில் வையுங்கள்.

கிடங்கு வேரின் பரப்பைப்போல் இரண்டு மடங்கு அகலம், ஆழம் வேர் அளவுக்கு மட்டும். நடுவில் சின்ன மண்கூம்பு செய்து வேரை அதன்மேல் குடைமாதிரி விரியுங்கள். முறிந்த வேரை மட்டும் நறுக்குங்கள். ஒட்டின இடம் தண்டில் ஒரு வளைவாகத் தெரியும். அது மண்ணுக்கு மேலே 5 முதல் 10 செ.மீ. நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுப்பே இல்லை. ஒட்டு மண்ணுக்குள் போனால் அதற்கு மேலே லாப்பின்ஸ் தானே வேர் விட்டுவிடும், பிறகு ஜிசெலாவின் குட்டை வளர்ச்சி உங்களுக்குக் கிடைக்காது, இருபது முப்பது அடிக்குப் போகும். மேட்டு மண் படியும் என்பதால் மேலும் இரண்டு விரல் உயர்த்தியே நடுங்கள்.

மாட்டெரு கிடங்குக்குள் வேண்டாம். பச்சை எரு புதுவேரைச் சுடும். நன்றாக மக்கினதாக இருந்தாலும் வேர் அந்தச் சொகுசான குழியை விட்டு வெளியே போகாது. எடுத்த மண்ணையே திருப்பிப் போட்டு, பாதி நிரம்பியதும் ஒரு வாளி தண்ணீர் விட்டுக் காற்றுக்குமிழ் போன பிறகு மிச்சத்தை நிரப்புங்கள். மிதித்து இறுக்காதீர்கள்.

ஜிசெலா 5இன் வேர் மேலோட்டமானது. முட்டுக்கம்பு ஆயுளுக்கும் வேண்டும். கம்பை முதலில் அடித்துவிட்டு மரத்தை நடுங்கள், பிறகு அடித்தால் வேரைக் குத்தும். கட்டுவதற்கு அகலமான துணிப்பட்டி, எட்டு வடிவில். கம்பியோ நைலோன் கயிறோ ஒரு கோடையிலேயே பட்டைக்குள் இறங்கிவிடும்.

ஆப்பிள்தோப்பு, வாட்டர்லூ

நுனி வெட்டும் விஷயத்தில் என் கருத்து: வெட்டியே ஆக வேண்டும். இனிப்புச் செரியின் குணம் நேரே மேலே ஓடுவது. விட்டால் தண்டு மூன்று மீட்டர் போய் உச்சியில் மட்டும் கிளை விடும், ஏணி வைத்துத்தான் பழம் பறிக்க வேண்டும். நட்ட உடனே, மொட்டு வீங்கும் சமயத்தில், தரையிலிருந்து 75 முதல் 90 செ.மீ. உயரத்தில் ஒரு நல்ல மொட்டுக்கு அரை செ.மீ. மேலே வெட்டுங்கள். வெறும் வேர்க் கன்றில் பாதி வேர் நர்சரியிலேயே அறுபட்டிருக்கும், அந்தச் சமநிலைக்கும் இது நல்லது.

வெட்டிய ஐந்தாறு வாரத்தில் மேல் மொட்டுகளிலிருந்து நாலைந்து தளிர் கிளம்பும். அவை ஒரு சாண் நீளத்தில், பச்சையாக, வளைந்துகொடுக்கும்போது துணி உலர்த்தும் கிளிப் ஒன்றை எடுங்கள். கிளிப்பின் வாயால் தண்டைக் கவ்வ வைத்து, அதன் வால்பகுதி தளிரைக் கீழே தள்ளும்படி தளிருக்குச் சற்று மேலே மாட்டுங்கள். தளிர் கிட்டத்தட்ட படுக்கையாகத் திரும்பும். மூன்று வாரத்தில் அடி இறுகிவிடும், கிளிப்பைக் கழற்றலாம், நுனி தானாக மேல்நோக்கி வளையும். இந்த ஒரு வேலையைச் சரியான வாரத்தில் செய்துவிட்டால் பின்னால் பாதி கவ்வாத்து மிச்சம். பென்சில் தடிமன் ஆன பிறகு வளைத்தால் அடியோடு கிழியும்.

குறுகலாக, ஆங்கில எழுத்து வி போல் நிற்கும் கவட்டை வைத்திருக்காதீர்கள். இரண்டு கிளைக்கும் நடுவே பட்டை உள்ளுக்குள் மடிந்து மாட்டிக்கொள்ளும், அங்கே மரம் ஒட்டாது. பனிப் பாரமோ பழப் பாரமோ ஏறினால் பிளக்கும்.

கூதல்காற்று, இலண்டன்

வெட்டுவதை மறுக்கவில்லை, ஆனால் காலநிலையைப் பாருங்கள். இங்கே பிரித்தானியாவில் செரியைக் குளிர்காலத்தில் தொடுவதில்லை. ஈரக்குளிரில் வெட்டினால் வெள்ளியிலை நோயும் பக்டீரியாப் புற்றும் வெட்டுக்காயத்தால் நுழையும். இளமரத்துக்கு வடிவம் கொடுப்பது மொட்டு விரிகிற நேரத்தில், வளர்ந்த மரத்துக்கு யூலை கடைசி, ஓகஸ்ட்டில், காய்ந்த நாளாகப் பார்த்து. இங்கே பரவலாக விற்கும் கோல்ட் ஒட்டுக்கட்டை ஜிசெலாவை விட உயரம் போகும், ஆனால் மண் கொஞ்சம் மோசமாக இருந்தாலும் தாங்கும்.

ஆப்பிள்தோப்பு, வாட்டர்லூ

உண்மைதான், அக்கா. ஒன்ராறியோவில் மார்ச் கடைசி, ஏப்ரலில் கடுங்குளிர் போன பிறகு வெட்டலாம், ஆனால் அடுத்த இரண்டு மூன்று நாளுக்கு மழை இல்லாத வானிலை பார்த்துத்தான். இலையுதிர்காலத்தில் மட்டும் கூடவே கூடாது. காயம் ஆறாது, இலை விழுந்த தழும்பு வழியாக வேறு பாக்டீரியா நுழையும் காலம் அது. கத்தரிக்கோலை மரத்துக்கு மரம் 70 சதவீத ஆல்கஹாலில் துடைக்க வேண்டும். வெட்டுக்கு மேல் தார், பெயின்ட் எதுவும் பூச வேண்டாம்.

பின்வளவு, ஸ்காபரோ

மிகவும் பயனுள்ள விளக்கம். சோதனை செய்தேன், மணிக்கு 2 செ.மீ. கூட இறங்கவில்லை, ஆகவே மேடுதான். புல்தரையில் வேலியிலிருந்து இரண்டரை மீற்றரில் இடம் எடுத்திருக்கிறேன். தண்ணீரும் பசளையும் எந்த அளவில்?

செம்பாட்டான், மார்க்கம்

இரண்டரை மீற்றர் ஜிசெலா 5க்குப் போதும்.

தண்ணீர்: முதல் கோடையில் வாரம் 20 லீற்றர், ஒரே தடவையில் மெதுவாக. வாளியின் அடியில் சின்ன ஓட்டை போட்டு வைத்தால் அரை மணித்தியாலத்தில் தானாக இறங்கும். 30 பாகைக்கு மேல் போகும் வாரத்தில் இரண்டு தடவை. நல்ல மழை பெய்த வாரத்தில் வேண்டாம். விடுவதற்கு முன் விரலை மண்ணில் முழுதாக இறக்கிப் பாருங்கள், நுனியில் ஈரம் பட்டால் நிறுத்துங்கள். மேடு கெதியாகக் காயும், அதையும் நினைவில் வைத்திருங்கள். புல்லுக்குப் போடும் ஸ்பிரிங்ளர் மரத்தில் படக்கூடாது. இலை நனைந்தால் நோய், ஆழத்துக்கு ஈரம் போகாது.

மரத்தைச் சுற்றி ஒரு மீற்றர் வட்டத்தில் புல்லை எடுத்துவிட்டு 5 முதல் 8 செ.மீ. கனத்தில் மரச்சிராய் போடுங்கள். தண்டிலிருந்து ஒரு சாண் இடைவெளி கட்டாயம். தண்டோடு குவித்தால் பட்டை அழுகும், எலியும் குடியிருக்கும்.

பசளை: முதல் வருடம் ஒன்றுமில்லை. இரண்டாம் வருடம் ஏப்ரலில் சிராயை விலக்கிக் கூட்டெரு இரண்டு மண்வெட்டி. கடைப்பசளைதான் வேண்டுமென்றால் 10-10-10 (நைதரசன், பொசுபரசு, பொட்டாசியம் மூன்றும் சம அளவில் உள்ளது) ஒரு நூறு கிராம், வட்டத்தின் வெளி ஓரத்தில் தூவி. மரம் தேவையைத் தானே காட்டும். அந்த வருடத் தளிர் 45 செ.மீ.க்கு மேல் ஓடியிருந்தால் அடுத்த வருடம் எதுவும் வேண்டாம். யூலைக்குப் பிறகு நைதரசன் போட்டால் செப்டெம்பரில் பால்தளிர் விடும், அது முற்றுவதற்குள் உறைபனி வந்து கருகும். புல்லுக்குப் போடும் பசளையும் நைதரசன்தான், வட்டத்துக்குள் விழாமல் பாருங்கள்.

இன்னொன்று. ஜிசெலா 5 அவசரக்காரன், இரண்டாம் மூன்றாம் வருடமே பூக்கும். இரண்டாம் வருடப் பிஞ்சை முழுக்கக் கிள்ளிவிடுங்கள். மனம் வராது, ஆனால் கிள்ளாவிட்டால் மரம் காய்ப்பதிலேயே களைத்து வளர்ச்சி நின்றுவிடும். பிறகு எவ்வளவு பசளை போட்டாலும் கிளை நீளாது.

மேபிள்நிழல், ஒட்டாவா

எங்கள் பக்கம் குளிர் ரொறன்ரோவை விட மோசம். இனிப்புச் செரி நிற்குமா?

ஆப்பிள்தோப்பு, வாட்டர்லூ

நான் பரிந்துரைக்க மாட்டேன். -30ஐ எட்டும் இரவுகளில் பூமொட்டு முதலில் சாகும், பிறகு கிளை. மொன்மொரென்சி ஓரளவு தாங்கும். அதைவிட நம்பிக்கையானது சஸ்காச்சுவான் பல்கலைக்கழகம் உருவாக்கிய குட்டைப் புளிப்புச் செரிகள்: கார்மைன் ஜூவல், ரோமியோ, ஜூலியட் போன்றவை. புதராக இரண்டு மீட்டர் வளரும், தனியாகக் காய்க்கும், -40 வரை தாக்குப்பிடிக்கும். பெரும்பாலும் சொந்த வேரில் விற்பார்கள், ஆகவே பனியில் மேல்பகுதி செத்தாலும் அடியிலிருந்து வருவது அதே வகைதான். பக்கக் கன்று விடும், வருடம் ஒருமுறை தோண்டி எடுக்க வேண்டியிருக்கும்.

முல்லைக்கொடி, சென்னை

இந்தச் செரியை எங்க மாடித் தோட்டத்துல தொட்டியில வைக்கலாமா? ஆன்லைன்ல கன்னு விக்கிறாங்க.

தேன்கூடு, மிசிசாகா

வேண்டாம், தங்கச்சி. செரிக்கு 7 பாகைக்குக் கீழே உள்ள மணித்தியாலங்கள் ஒரு குளிர்காலத்தில் பல நூறு தேவை, பெரும்பாலான வகைகளுக்கு 700க்கு மேல். சென்னையில் அப்படி ஒரு மணித்தியாலம்கூடக் கிடைக்காது. குளிர் கிடைக்காத மொட்டு ஒழுங்காக விரியாது, மரம் இலையை விட்டும் விடாமலும் இழுபட்டுச் சாகும். இந்தியாவில் அது காஷ்மீர், இமாச்சல் மலைக்காரர் பயிர். உங்கள் மாடிக்கு பார்படோஸ் செரி என்று கிடைக்கும் செடி நன்றாக வரும். அது வேறு குடும்பம், வெயிலும் தொட்டியும் அதற்குப் பிடிக்கும்.

நெல்லியடியான், பிரம்டன்

அவசரக் கேள்வி. நட்டு மூன்றாம் வருட மரம், தண்டிலிருந்து தேன்நிறப் பிசின் வடிகிறது. நுனி இலையெல்லாம் சுருண்டு கறுப்பாக ஒட்டுகிறது. இரண்டும் ஒரே நோயா?

செம்பாட்டான், மார்க்கம்

இல்லை அண்ணை, இரண்டும் வேறு வேறு.

சுருண்ட இலையைப் பிரித்துப் பாருங்கள். உள்ளே பளபளக்கும் கறுப்புப் பூச்சி கூட்டமாக இருந்தால் அது செரி அழுக்கணவன். எறும்பு தண்டில் ஏறி இறங்குவதும் சாட்சி. சுருண்ட இலைக்குள் மருந்து போகாது, ஆகவே மோசமான நுனிகளைக் கிள்ளிக் குப்பையில் போட்டுவிட்டு, மிச்சத்தைக் காலையில் குழாய்த் தண்ணீரை வேகமாக அடித்துக் கழுவுங்கள். தேவை என்றால் பூச்சிச் சவர்க்காரம், போத்தலில் சொன்ன அளவில், வெயில் இல்லாத நேரத்தில், இலையின் அடிப்பக்கம் நனைய. ஐந்தாறு நாளுக்கு ஒருமுறை மூன்று தடவை. பாத்திரம் கழுவும் திரவம் இலையைக் கருக்கும், அதை விடுங்கள். யூலை நடுவில் அவை தாமாகவே வேறு செடிகளுக்குப் பறந்துவிடும், அதன்பிறகு அடிப்பது வீண். முட்டை குளிர்காலம் முழுக்க மொட்டோரத்தில் கறுப்பு மணியாக ஒட்டியிருக்கும். ஏப்ரலில் மொட்டு பச்சை காட்டுமுன் தோட்ட எண்ணெய் அடித்தால் அடுத்த வருடம் பெரும்பகுதி வராது.

பிசினுக்கு மூன்று இடத்தைப் பாருங்கள். முதலில் நிலமட்டத்தில்: பிசினோடு மரத்தூள் மாதிரி மண்ணிறத் துகள் கலந்திருந்தால் துளைப்புழு. சிராயை விலக்கி, பிசினைச் சுரண்டி, ஓட்டைக்குள் மெல்லிய கம்பியை விட்டுக் குத்திப் புழுவைக் கொல்லுங்கள். இரண்டாவது, தூளில்லாத தெளிந்த பிசின், சுற்றிப் பட்டை அமுங்கிக் கறுத்து, சுரண்டினால் உள்ளே பச்சைக்குப் பதில் மண்ணிறம், புளித்த வாடை: பக்டீரியாப் புற்று. கிளையில் என்றால் நோய் தெரியும் இடத்துக்கு ஒரு சாண் கீழே, காய்ந்த நாளில் வெட்டி அகற்றுங்கள். தண்டைச் சுற்றிப் பாதிக்கு மேல் பிடித்திருந்தால் மரத்தை எடுப்பதே நல்லது. மூன்றாவது, பட்டை நல்லாய் இருக்க, ஒரு காயத்தில் அல்லது கட்டுப் பட்ட இடத்தில் மட்டும் கொஞ்சம் பிசின்: அது மரம் தன் காயத்தை அடைக்கிறது, ஒன்றும் செய்ய வேண்டாம்.

தேன்கூடு, மிசிசாகா

கூடவே யூன் மாதத்தில் இலையில் ஊதாப் புள்ளி விழுந்து, மஞ்சளாகி, ஓகஸ்ட்டுக்குள் மரம் மொட்டையானால் அது இலைப்புள்ளி நோய். பூஞ்சணம் விழுந்த இலையில் குளிர்காலத்தைக் கழித்துவிட்டு மேயில் மழைத்துளியோடு மேலே வரும். இலையுதிர்காலத்தில் இலையை ஒன்றும் விடாமல் கூட்டி அள்ளுவதுதான் வீட்டுக்காரருக்கு உள்ள பெரிய மருந்து. ஓகஸ்ட்டில் மொட்டையான மரம் பனிக்குத் தாங்காது, அதனால் இதை அலட்சியம் செய்யாதீர்கள்.

யூலையில் பச்சையும் செம்பும் கலந்த ஜப்பான் வண்டு இலையைச் சல்லடையாக்கும். காலைக் குளிரில் பறக்க மாட்டாது, சவர்க்காரத் தண்ணீர் உள்ள வாளியைக் கீழே பிடித்துக் கிளையைத் தட்டினால் விழும். வண்டுப் பொறி வாங்கித் தொங்கவிட வேண்டாம், அயல்வளவு வண்டையும் கூப்பிட்டுத் தரும்.

பின்வளவு, ஸ்காபரோ

கடைசியாகக் குளிர்காலம். முயல் நிறைய வரும் இடம். பட்டையைச் சாப்பிட்டுவிட்டால் மரத்தைக் காப்பாற்ற முடியுமா?

செம்பாட்டான், மார்க்கம்

ஒக்டோபர் கடைசியில் கால் அங்குலக் கண்ணுள்ள இரும்புவலையைத் தண்டைச் சுற்றி உருளையாக நிறுத்துங்கள். தண்டுக்கும் வலைக்கும் நாலு விரல் இடைவெளி, அடி 5 செ.மீ. மண்ணுக்குள், எலிக்காக. உயரம் 60 செ.மீ. என்பது ஸ்நோ இல்லாத கணக்கு. முயல் ஸ்நோவின் மேல் ஏறி நின்று கடிக்கும், ஆகவே 90 எடுங்கள். பெப்ரவரியில் பகல் வெயில் தண்டின் தென்மேற்குப் பக்கத்தைச் சூடாக்கி, இரவு உறைந்து, பட்டை நீளவாக்கில் வெடிக்கும். அதற்கு வெள்ளை லேற்றெக்ஸ் பெயின்ரும் தண்ணீரும் சரிபாதி கலந்து, நிலத்திலிருந்து முதல் கிளை வரை பூசுங்கள். வீட்டுக்குள் அடிக்கும் வகைப் பெயின்ற் மட்டும். சுருள் பிளாஸ்ரிக் உறை போட்டால் ஏப்ரலில் கழற்றியே ஆகவேண்டும், கோடையில் உள்ளே ஈரமும் புழுவும் சேரும். நிலம் உறையுமுன், நவம்பர் தொடக்கத்தில், மழை குறைவென்றால் ஒரு தடவை நிறையத் தண்ணீர் விடுங்கள்.

கடித்துவிட்டால்: தண்டின் சுற்றளவில் கால்வாசி போயிருந்தால் ஓரத்தைக் கூரான கத்தியால் சீராக்கிவிட்டு விடுங்கள், ஆறும். சுற்றிவர முழுதாகப் போயிருந்தால் கடித்த இடம் எங்கே என்று பாருங்கள். ஒட்டுக்கு மேலே ஒரு சாணாவது நல்ல பட்டை மிஞ்சியிருந்தால், மொட்டு வீங்கும் நேரத்தில் கடிக்குக் கீழே வெட்டுங்கள், அங்கிருந்து வரும் தளிர் லாப்பின்ஸ்தான், அதில் ஒன்றைத் தண்டாக வளர்க்கலாம். ஒட்டுக்குக் கீழே வரும் தளிர் ஜிசெலா, உதவாது, பிடுங்கி எறியுங்கள். ஒட்டையே சுற்றிவரத் தின்றுவிட்டால் பாலம் ஒட்டு ஒன்றுதான் வழி. மார்ச்சில், மொட்டு அசையுமுன், அதே மரத்தில் பென்சில் தடிமன் தடிகள் நாலைந்து வெட்டி ஈரத்தாளில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள், அப்பிள் பக்கத்தில் வேண்டாம். மே தொடக்கத்தில் பட்டை வழுவி உரியும்போது, கடிக்கு மேலும் கீழும் பட்டைக்குள் இரண்டு நுனியையும் ஆப்பாகச் சீவிச் செருகி, சின்ன ஆணி அடித்து, ஒட்டு மெழுகு பூச வேண்டும். தடியின் மேல்நுனி மேலேயே இருக்கட்டும், தலைகீழாய்ப் போனால் பிடிக்காது. இரண்டு விரலுக்கு ஒரு தடி என்று சுற்றிவர வையுங்கள்.